பூந்தமல்லி நாயக்கரும் சீனத்துச் 'சாபுதுவோ'வும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நாள்தோறும் பேருந்துக்குக் காத்து நிற்பவர்களுள் எத்தனை பேர், சென்னை என்னும் பெருநகரம் பிறந்த கதையில் இவ்வூருக்கும் ஒரு பங்கு உண்டென்று எண்ணியிருப்பர்? திருக்கச்சி நம்பிகள் அவதரித்த தலம் என்பதை வைணவ அன்பர்கள் அறிவர். வரதராசப் பெருமாள் கோயிலை ஊரார் அனைவரும் அறிவர். ஆனால், விசயநகர அரசின் அந்திக் காலத்தில், பழவேற்காட்டுக்கும் சாந்தோமுக்கும் இடைப்பட்ட கடற்கரையைத் தம் ஆளுகையில் வைத்திருந்த தாமர்ல அய்யப்ப நாயக்கர் வாழ்ந்தது இந்தப் பூந்தமல்லியில்தான். அவருடைய உடன்பிறந்தாராகிய வேங்கடப்ப நாயக்கர் வந்தவாசியில் இருந்தார். இவ்விருவரின் தந்தை பெயர் சென்னப்ப நாயக்கர். சென்னப்பட்டினம் என்ற பெயர் அவர் பெயரால் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி.

1639ஆம் ஆண்டு, ஆறுமுகம் என்றும் ஆர்மகான் என்றும் அழைக்கப்பட்ட துறையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்த பிரான்சிஸ் டே, மதராசப்பட்டினத்தில் இடம் கேட்டு இந்த நாயக்கர்களோடு பேச்சு நடத்தினார். உரிமை ஆவணம் கிடைத்தது. ஆகஸ்டு 22ஆம் நாளைச் சென்னை நாள் என்று நாம் இன்று கொண்டாடுவது அதை முன்னிட்டே. அந்த ஆவணத்தின் ஆங்கில வடிவம் பல நூல்களில் அச்சாகியுள்ளது. அதில் ஓர் இடம் நம்மைப் பல ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. கோட்டை கட்டுவதை ஆங்கிலேயரே தம் வசதிப்படி முன்னின்று நடத்தலாம். முற்றும் கட்டி முடியும்வரை செலவை நாயக்கர் ஏற்பார். ஆங்கிலேயர் குடிபுகும்போது அத்தொகையைத் திருப்பித் தரவேண்டும். இதுவே அந்த இடத்தின் பொருள்.

1640 பிப்ரவரியில் ஆண்ட்ரூ கோகனும் டேயும் ஆட்களோடு மதராசப்பட்டினத்தில் வந்து இறங்கினர். நாயக்கரின் பணத்தை எதிர்பார்த்தனர். பணம் வரவில்லை. அப்படியொரு வாக்குறுதியைத் தாம் தரவே இல்லை என்று நாயக்கர் தரப்பு மறுத்துவிட்டது. ஆங்கிலேயர் தம் மேலிடத்துக்கு எழுதிய விளக்கத்தில், இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தவரின் அறியாமையால் நேர்ந்த பிழை இது என்று எழுதினர். நாயக்கரும் பிழை செய்யவில்லை. டேயும் பிழை செய்யவில்லை. பழி முழுவதும் துபாசியின் தலையில் இறங்கிற்று! கோட்டையோ கம்பெனிப் பணத்தில் எழும்பியது. அந்தச் செலவுக்காகக் கோகன் பின்னாளில் இலண்டனில் பதில் சொல்ல நேர்ந்தது.

அந்த உரையாடலில் உண்மையில் நடந்தது என்ன? இனி நாம் சொல்வது ஊகம் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறோம். நம் பகுதியில் ஒரு பெரிய மனிதர் வீட்டுக்கு உதவி கேட்டுச் சென்றால், அவர் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்லமாட்டார். 'வேலையை ஆரம்பியுங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்பார். அந்தப் 'பார்த்துக்கொள்ளலாம்' என்பதற்குள் நல்லெண்ணம் உண்டு, மரியாதை உண்டு, தொகை மட்டும் இராது. கேட்டவரும் அதை அறிவார். அதே சொல்லை வேற்றுமொழிக்காரர் ஒருவர் ஆவணத்தில் எழுதிக்கொள்ளும்போது, 'செலவை நாம் ஏற்போம்' என்று அது இறுகிவிடுகிறது. நாயக்கர் சொன்னது அத்தகையதொரு பட்டும் படாத சொல்லாக இருந்திருக்கலாம். அதை எட்டிப் பிடித்து உறுதிமொழியாக்கியவர் துபாசியாக இருக்கலாம், டேயின் ஆசையாகவும் இருக்கலாம்.

இந்தப் பழைய கதையை நாம் மீண்டும் கையில் எடுக்கக் காரணமானவர் நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்ற மாணவர் ஒருவர். பட்டம் முடித்தபின் சீன மொழி கற்று, ஈராண்டு சீனத்தில் இருந்து திரும்பியவர். பூந்தமல்லியில் குடியிருந்துகொண்டு, திருப்பெரும்புதூர்ச் சாலையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிகிறார். சீனப் பொறியாளர்கள் பேசப் பேச, சிறிய ஒலிவாங்கியில் அவர் மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வரவேண்டும்; மேசையின் மறுபுறம் இருப்பவர்கள் காதுக்கருவியில் கேட்பார்கள். அவர்களில் தமிழரும் உண்டு, மராட்டியரும் உண்டு, கொரியரும் உண்டு என்பதால் ஆங்கிலம்.

ஒரு நாள் இயந்திர வரிசை ஒன்றைப் பற்றிய கூட்டம். வரிசை எந்த நிலையில் உள்ளது என்று கேட்டதற்குச் சீனப் பொறியாளர் 'சாபுதுவோ' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார். அதற்கு 'வேறுபாடு அதிகமில்லை' என்பது நேர்ப்பொருள்; கிட்டத்தட்ட, ஏறக்குறைய என்பது வழக்கு. நம் மாணவர் அவசரத்தில் 'தயார்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். மறுநாள் சோதனைக்கு ஆள் வந்தது, வரிசை ஓடவில்லை. விசாரணையில் சீனர், 'நான் தயார் என்று சொல்லவில்லையே' என்றார். அது உண்மையும்கூட. அந்த மாதச் சம்பளத்தோடு தம் வேலையும் போய்விடுமோ என்று அஞ்சியபடி அவர் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்திருந்த மாலைதான் இக்கட்டுரையின் தொடக்கம். நாம் அவருக்கு 1640ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னோம். 'அப்போ இது நானூறு வருஷத்துப் பழக்கம்தானா ஐயா?' என்று அவர் சிரித்தார்.

வெகு காலமாகச் சீனர்களே தம்முடைய இந்தச் சொல்லைக் கேலி செய்து வந்திருக்கிறார்கள். சீன மறுமலர்ச்சி எழுத்தாளர் ஹூ ஷி, 'திருவாளர் சாபுதுவோ' என்று ஒரு மனிதரையே படைத்து எழுதினார். எதையும் ஏறக்குறையச் செய்து, ஏறக்குறையவே செத்தும் போகிற மனிதர் அவர். ஆனால் மொழிபெயர்ப்பாளருக்குக் கேலி உதவாது. அவர் காதில் அச்சொல் விழுந்த இரண்டு மூன்று நொடிகளுக்குள் ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

இங்கே இருவகை மொழிபெயர்ப்பைப் பிரித்துச் சொல்வது நலம். பேசுபவர் ஒரு பகுதியைப் பேசி நிறுத்த, குறிப்பெடுத்துக்கொண்டவர் பின் அதை மறுமொழியில் சொல்வது ஒன்று. நம் ஊர்ப் பொதுக்கூட்ட மேடைகளில் வடநாட்டுத் தலைவர்களின் பேச்சு தமிழானது இவ்வாறே. இதில் மொழிபெயர்ப்பவருக்கு மூச்சுவிட இடம் உண்டு. ஐயம் வந்தால் பேச்சாளரைத் திரும்பிப் பார்த்துக் கேட்கவும் செய்யலாம். பேசும்போதே உடன் பேசுவது மற்றொன்று. இதை உடனிகழ் மொழிபெயர்ப்பு என்கிறோம். 1945 நவம்பரில் தொடங்கிய நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில்தான் இது பெரிய அளவில் முதன்முதலாகக் கையாளப்பட்டது. ஆங்கிலம், பிரெஞ்சு, உருசியம், செருமன் ஆகிய நான்கு மொழிகள் காதுக்கருவிகளில் ஒரே நேரத்தில் ஓடின. ஐக்கிய நாடுகள் அவை அதன் பின்னர் இம்முறையைத் தனதாக்கிக்கொண்டது. இதில் திரும்பிப் பார்த்துக் கேட்க வழியே இல்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்திருப்பவரை வெளியே உள்ள பேச்சாளர் அறியவும் மாட்டார்.

ஐ.நா.வில் சீன மொழி தொடக்கம் முதலே அலுவல் மொழிகளுள் ஒன்று. ஆயினும் மக்கள் சீனம் 1971 அக்டோபரில் இருக்கை பெற்ற பின்னரே, 1973இல் பொதுப்பேரவையிலும் 1974இல் பாதுகாப்பு அவையிலும் அது பணிமொழி ஆயிற்று. 1979இல் பெய்ஜிங்கில் ஐ.நா. மொழிபெயர்ப்பாளர்களுக்கென ஒரு பயிற்சித் திட்டமும் தொடங்கப்பட்டது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலக் கூண்டில் இருப்பவர் பிற மொழிகளைக் கேட்டுத் தம் மொழியாகிய ஆங்கிலத்தில் மட்டும் பேசுவார். பிரெஞ்சுக் கூண்டும், உருசியக் கூண்டும், எசுப்பானியக் கூண்டும் அப்படியே. சீனக் கூண்டும் அரபுக் கூண்டும் மட்டும் இருவழி வேலை செய்கின்றன. சீனப் பேச்சைச் சீனக் கூண்டில் இருப்பவரே தமக்கு அயல்மொழியாகிய ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் சொல்கிறார். மற்றக் கூண்டுகள் அதைக் கேட்டே தத்தம் மொழியில் சொல்கின்றன. ஆகவே, சீனத்தில் இருந்த ஒரு வழுவழுப்பான சொல்லை முதலாமவர் இறுக்கிவிட்டால், அந்த இறுக்கம் ஒரே நொடியில் எல்லா மொழிகளுக்கும் பரவிவிடும். பூந்தமல்லிப் பிழை ஒருவரோடு நின்றது. இது அவை முழுவதையும் தொடும்.

சீனம் தெளிவில்லாத மொழி என்று கருதிவிடலாகாது. எந்த மொழியும் தன்னளவில் தெளிவற்றதன்று. ஒரு மொழி கட்டாயம் சொல்ல வைப்பதை மற்றொரு மொழி சொல்லாமல் விட அனுமதிக்கிறது, அவ்வளவே. சீனப் பெயர்ச்சொல்லில் ஒருமை பன்மை இல்லை. வினையில் காலமும் எண்ணும் விகுதியாக ஒட்டுவதில்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் பேச்சில் 'த்தா' என்ற ஒரே ஒலி. ஆங்கிலமோ ஆணா பெண்ணா, ஒன்றா பலவா, நேற்றா நாளையா என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்கிறது. கூண்டில் இருப்பவர் விடை அறியாமலே விடை சொல்லியாக வேண்டும்.

தமிழாசிரியர் என்ற முறையில் இங்கே சற்றுக் கர்வம் கொள்ள நமக்கு உரிமை உண்டு. ஆணா பெண்ணா என்று தெரியாத ஓர் உருவம் தூரத்தில் தோன்றினால் அதை எப்படிச் சொல்வது என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே விதி வகுத்துவிட்டது. ஐயம் உள்ள இடத்தில் ஒரு பாலைத் தேர்ந்தெடுக்காதே, இருபாற்கும் பொதுவான பலர்பாலால் சொல் என்பது அதன் கருத்து. ஐயத்தை ஐயமாகவே வெளியிட ஓர் இலக்கணம்! அஃறிணையில் 'மாடு' என்ற சொல் ஒன்றையும் குறிக்கும், பலவற்றையும் குறிக்கும். வந்தது, வந்தன என்ற வினையே வேறுபாடு காட்டும். பால்பகா அஃறிணைப் பெயர் என்று நாம் இன்றும் வகுப்பில் கற்பிப்பது இதைத்தான். சீனத்தில் வினையும் காட்டாது என்பதே வேறுபாடு. நம் மாணவர் சொல்கிறார்: சீனத்தில் அடைமொழிகள் எல்லாம் முன்னே வந்து பெயர் கடைசியில் வருவது தமிழில் 'நேற்று வந்து உங்களோடு பேசிய அந்த மனிதர்' என்பது போலவே இருப்பதால், பிற மாணவர் தடுமாறிய இடத்தில் தமக்குத் தடுமாற்றம் இல்லையாம். அங்கிருந்து ஆங்கிலத்துக்குத் தாவுவதுதான் துன்பம். பெயர் வரும்வரை வாயைத் திறக்க முடியாது, திறக்காமலும் இருக்க முடியாது.

எண்களின் நிலை இன்னும் வேடிக்கை. 'ஷி' என்றால் பத்து. 'ஜி' என்றால் சில. 'ஷி ஜி' என்றால் பத்துக்கு மேல், இருபதுக்குள். 'ஜி ஷி' என்றால் சில பத்துகள், அதாவது இருபதிலிருந்து தொண்ணூற்றுச் சொச்சம் வரை எதுவும். முன்பின் மாற்றிக் கேட்டால் பதினைந்து பேர் எழுபது பேராகிவிடுவர். தோராயத்தைச் சொல்ல 'இடம் வலம்' என்று பொருள்படும் 'ட்சுவோ யோ' என்ற சொல்லை எண்ணுக்குப் பின் சேர்ப்பார்கள். நாம் 'ஐம்பது முன்னே பின்னே இருக்கும்' என்கிறோமே, அதே மனப்போக்கு! நமக்கு இலட்சமும் கோடியும் போல அவர்களுக்குப் பத்தாயிரம் ஓர் அலகு. அந்த அலகில் 'சில' சேர்ந்து வரும்போது, அதை மில்லியன் கணக்குக்கு மாற்ற முயல்பவர் தோராயத்தை எங்காவது தொலைத்துவிடுவார்.

அரசு மொழியின் பூசிமெழுகல் வேறு வகை. 'யென்ச்யூ யென்ச்யூ' என்பார்கள். ஆராய்வோம் ஆராய்வோம் என்று பொருள். நம் அலுவலகங்களில் 'பரிசீலிக்கப்படும்' என்று மனுவின் மேல் எழுதப்படுவதற்கு இணை. ஒலியைச் சற்று மாற்றினால் அதற்குப் 'புகையும் மதுவும்' என்று பொருள் வருமாம். காரியம் நடக்க எது தேவை என்பதைச் சீனத்துப் பொதுமக்கள் அச்சிலேடையில் சொல்லிவைத்திருக்கிறார்கள். 'கொள்கையளவில் ஏற்கிறோம்', 'சம்பந்தப்பட்ட துறை', 'உரிய நடவடிக்கை', 'ஓரளவு முன்னேற்றம்' ஆகிய அனைத்துக்கும் அங்கே தேய்ந்த நாணயங்கள் போன்ற சொற்றொடர்கள் உண்டு. கேட்பவர் தெளிவு விரும்புகிறாரே என்று 'சம்பந்தப்பட்ட துறை' என்பதை 'சுங்கத் துறை' என்று சொல்லும் மொழிபெயர்ப்பாளர், பேச்சாளர் மறைக்க நினைத்ததைக் காட்டிக்கொடுத்தவர் ஆவார். அல்லது அவர் நினைக்காததை அவர் வாயில் திணித்தவர் ஆவார். நன்னூலார் பத்துக் குற்றங்களுள் மயங்கவைத்தலையும் ஒன்றாக வைத்தார். அது நூல் செய்பவனுக்குரிய குற்றம். பேசியவரின் மயக்கத்தைத் துபாசி தெளிவித்து வைப்பது, மயங்கவைத்தலைக் காட்டிலும் பெரிய குற்றம் என்பது நம் கருத்து.

இக்கருத்தை வலியுறுத்த நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உள்ளது. 1956ஆம் ஆண்டின் இறுதியில் சீனப் பிரதமர் சூ என்லாய் இந்தியா வந்தார். அப்பயணத்தின்போது தமிழகத்துக்கும் வந்து மாமல்லபுரத்தைக் கண்டார். இந்தியாவும் சீனமும் உடன்பிறந்தார் என்ற முழக்கம் ஊரெங்கும் ஒலித்த காலம் அது. அப்பயணத்தில் நேருவும் அவரும் எல்லை பற்றியும் பேசினர். 1914ஆம் ஆண்டுச் சிம்லா மாநாட்டை ஒட்டி வரையப்பட்ட மக்மகன் கோடு பேச்சில் வந்தது. சூ என்லாய் ஆங்கிலம் ஓரளவு அறிந்தவர் எனினும், அலுவல் பேச்சைச் சீனத்தில், மொழிபெயர்ப்பாளர் வழியே நடத்தும் வழக்கமுடையவர். பேச்சை நேரு பின்னர் ஆங்கிலத்தில் குறித்துவைத்தார். அந்தக் கோடு ஏகாதிபத்தியம் வரைந்தது, நியாயமற்றது. ஆயினும் நடைமுறையில் நிலைத்துவிட்டது, இருநாட்டு நட்பும் உண்டு. ஆகவே அதனைச் சீனம் அங்கீகரிக்க எண்ணுகிறது என்று சூ கூறியதாக நேருவின் குறிப்பு சொல்கிறது.

ஈராண்டுகள் கழிந்தன. சீன இதழொன்றில் வெளியான வரைபடம் இந்தியப் பகுதிகளைச் சீனத்தோடு சேர்த்துக் காட்டியது. 1958 டிசம்பர் 14ஆம் நாள் நேரு கடிதம் எழுதினார். 1956ஆம் ஆண்டுப் பேச்சை நினைவூட்டினார். 1959 சனவரி 23ஆம் நாள் சூ என்லாய் எழுதிய விடையை வாசிக்கும் எவரும் ஒரு கணம் திகைத்து நிற்பர். அந்தக் கோட்டைச் சீனம் ஒருபோதும் ஏற்றதில்லை என்று ஒருபுறம். பல சூழல்களை எண்ணிப் பார்க்கும்போது அது குறித்து 'ஏறக்குறைய யதார்த்தமான' ஒரு போக்கை மேற்கொள்ள வேண்டியிருக்கிறது என்று மறுபுறம். ஏறக்குறைய! அங்கீகாரம் என்று நேரு எழுதிவைத்தது, சூ என்லாயின் கடிதத்தில் 'ஏறக்குறைய யதார்த்தம்' ஆகிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பர்க் கடிதத்தில் அந்த மங்கலும் நீங்கி, மறுப்பு வெளிப்படையாயிற்று. 1962 அக்டோபர் 20ஆம் நாள் போர் மூண்டது.

அன்பர்கள் நம்மைத் தவறாகக் கொள்ளலாகாது. போருக்குக் காரணம் மொழிபெயர்ப்பு என்று நாம் சொல்லவில்லை. திபெத்தின் கிளர்ச்சி, அக்சாய் சின் வழியே போடப்பட்ட சாலை, இருபுறமும் இருந்த பிடிவாதம், படைகளை முன்னகர்த்திய முடிவுகள் என்று காரணங்கள் பல. சூ என்லாய் வேண்டுமென்றே நழுவினார் என்போரும் உளர். நேரு தாம் விரும்பியதைக் கேட்டார் என்போரும் உளர். நமக்குத் தோன்றுவது இது: 1956ஆம் ஆண்டு அந்த அறையில் ஏதோ ஒரு கட்டத்தில், இரண்டு பொருள் கொள்ளத்தக்க சொல் ஒன்று ஒரு பொருள் மட்டும் உடையதாகக் குறிப்பேட்டில் இறங்கிற்று. அது மங்கலாகவே இறங்கியிருந்தால், 'ஐயா, தாங்கள் கருதுவது எது?' என்று அப்போதே கேட்கும் வாய்ப்பாவது இருந்திருக்கும். மங்கலை மங்கலாகக் கடத்துவதன் பயனே அதுதான். கேட்பவருக்கு ஐயம் எழவேண்டிய இடத்தில் ஐயம் எழும்.

நம் ஆவடிக்கும் இப்படியொரு கதை உண்டு. 1955 சனவரியில் தேபர் தலைமையில் இங்கே கூடிய காங்கிரசு மாநாடு, சோஷலிச சமுதாயம் என்று தீர்மானம் போடவில்லை. ஆங்கிலத்தில், சோஷலிசத்தின் சாயல் கொண்ட 'மாதிரி' அமைந்த சமுதாயம் என்று போட்டது. முதலாளிகளும் அஞ்சவேண்டாம், தொழிலாளரும் மகிழலாம். தமிழாக்கியவர்கள் 'சோஷலிசப் பாணி சமுதாயம்' என்றனர். அந்தப் 'பாணி' என்ற ஒற்றைச் சொல்லுக்காக, பெயர் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளரை நாம் வணங்குகிறோம். மூலத்தின் நழுவலை நழுவலாகவே தமிழில் கொண்டுவந்துவிட்டாரே! 'ஆவடி சோஷலிசம்' என்று எதிர்த்தரப்பினர் பின்னர் கிண்டல் செய்தபோது, அவர்கள் குறிவைத்தது அந்தப் பாணியைத்தான். மொழிபெயர்ப்பு ஒழுங்காக இருந்ததால்தான் கிண்டல் செய்யவேனும் முடிந்தது.

சூ என்லாய் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற கதையொன்று உண்டு. 1972இல் நிக்சன் பெய்ஜிங் சென்றபோது, பிரெஞ்சுப் புரட்சியின் விளைவு பற்றிக் கேட்கப்பட்டதாகவும், 'அதைச் சொல்ல இன்னும் காலம் வரவில்லை' என்று சூ விடையளித்ததாகவும் சொல்வர். இருநூறு ஆண்டுகளை ஒரு நொடியாகக் காணும் சீன ஞானம் என்று மேடைதோறும் முழங்குவர். நாமும் வகுப்பில் முழங்கியதுண்டு. அன்று அமெரிக்கத் தரப்பில் மொழிபெயர்ப்பாளராக இருந்த சாஸ் ஃப்ரீமன், 2011ஆம் ஆண்டு உண்மையைச் சொன்னார். சூ என்லாய் எண்ணியது 1789ஐ அன்று. 1968இல் பாரிசில் நடந்த மாணவர் கிளர்ச்சியை. நான்கே ஆண்டுகள் ஆன ஒரு நிகழ்ச்சிக்கு அது மிகச் சாதாரணமான விடை. எந்தப் புரட்சி என்ற ஒரு சிறு மங்கல் ஓர் அறிஞரை ஞானியாக்கிவிட்டது. இம்முறை நல்லவேளை, எவர் தலையிலும் பழி விழவில்லை.

நம் மாணவர் தம் வேலையை இழக்கவில்லை. இப்போது அவர் கையாளும் முறைகள் சிலவற்றை அவர் சொல்லக் கேட்டோம். பாலோ எண்ணோ தெரியாதபோது ஆங்கிலத்தில் 'நம் தோழர்', 'அந்தத் தரப்பு' என்று பதவியாலோ பொதுப்பெயராலோ சொல்லி, அடுத்த வாக்கியத்தில் விடை வருகிறதா என்று காத்திருக்கிறார். முதலில் அகலமான சொல்லைச் சொல்லிவிட்டு, செய்தி தெளிவானதும் குறுகிய சொல்லுக்கு வருகிறார். அகலத்திலிருந்து குறுகலுக்கு வரலாம், குறுகலிலிருந்து பின்வாங்கினால் கேட்பவர் நம்பிக்கை போய்விடும் என்கிறார். தோராய எண்ணைத் தோராயமாகவே விடுகிறார். ஒன்றும் சொல்லாத அரசுத் தொடர்களை, ஒன்றும் சொல்லாத ஆங்கிலத் தொடர்களால் அதே நிதானத்தோடு சொல்கிறார். அப்போது மறுபுறம் இருப்பவர்கள் சலித்துக்கொள்வார்களாம். 'சலிக்கட்டும் ஐயா, அவர் பேசியதே அப்படித்தானே' என்றார். கூட்டம் முடிந்ததும், மங்கலாக இருந்த இடங்களை ஒரு தாளில் எழுதி இருதரப்புக்கும் தருவதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறார். 1639இல் எவரும் அத்தகைய தாள் ஒன்றைப் பூந்தமல்லிக்கு அனுப்பவில்லை.

சென்ற மாதம் பூந்தமல்லிப் பேருந்து நிலையத்தில் அவரைக் கண்டோம். 'சாபுதுவோ'வுக்கு நல்ல தமிழ்ச்சொல் ஒன்று சொல்லுங்கள் என்றார். கிட்டத்தட்ட, ஏறத்தாழ, ஏறக்குறைய என்று நாம் அடுக்கினோம். அவர் தலையசைத்தார். ஆவடியில் இருக்கும் தம் பாட்டி, அடுப்பில் சோறு வெந்துவிட்டதா என்று கேட்டால் 'முக்காலே மூணு வீசம்' என்பாராம். முக்காலும் மூன்று வீசமும் சேர்ந்தால் பதினாறில் பதினைந்து. இன்னும் ஒரு வீசம் பாக்கி. சோறு இறக்கும் பதமா என்று மூடியைத் திறந்து நாம்தான் பார்க்கவேண்டும். 'இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை ஐயா' என்று சொல்லிக்கொண்டே அவர் வந்து நின்ற பேருந்தில் ஏறிக்கொண்டார்.